டிரையரில் ஹீட்டர் ரிலே அடித்ததும் போர்டு ரீசெட் ஆகிறது. போர்டையே மாற்ற வேண்டுமா?

கதிர்_பட்டர்வொர்த்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு டிரையர் 7 கிலோ. சூடான காற்றைப் பின்பக்கக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிற வகை. வாங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. அம்மா படுத்த படுக்கையாக இருப்பதால் தினமும் விரிப்பு, போர்வை என்று துவைத்தபடியே இருக்கிறோம். இந்த மழையில் கொடியில் போட்டால் மறுநாள் வரை ஈரவாடை போவதில்லை. ஆகவே இது எங்களுக்கு ஆடம்பரச் சாமான் இல்லை.

கோளாறு இதுதான். ஆன் செய்தால் டிஸ்ப்ளே வருகிறது, பட்டன்கள் எல்லாம் வேலை செய்கின்றன. ஸ்டார்ட் அழுத்தினால் ஒரு ‘டிக்’, டிரம் சுற்றத் தொடங்குகிறது. நாலைந்து விநாடியில் இரண்டாவது ‘டிக்’. அந்த நொடியே டிஸ்ப்ளே அணைந்து, டிரம் நின்று, புதிதாக ஆன் செய்தது போல முதல் திரைக்கு வந்துவிடுகிறது. எரர் எண் எதுவும் காட்டுவதில்லை. முதலில் எப்போதாவது நடந்தது, இப்போது ஒவ்வொரு தடவையும் நடக்கிறது.

சர்வீஸ்காரர் வந்து பார்த்தார். “போர்டு போச்சு, 520 ரிங்கிட், வர ஒரு மாசம் ஆகும்” என்றார். மூடியைக் கழற்றவில்லை, மீட்டரை வெளியே எடுக்கவில்லை. போர்டுதான் என்றால் மாற்றிவிடலாம். மாற்றிய பிறகும் அதே இடத்தில் நின்றால் யாரைப் போய்க் கேட்பது? போர்டுதான் காரணம் என்று வீட்டிலேயே உறுதி செய்ய முடியுமா? மல்டிமீட்டர் இருக்கிறது, ஈயம் வைக்கத் தெரியும். 240 வோல்ட் நேராக ஓடும் போர்டில் மட்டும் இதுவரை கை வைத்ததில்லை.

செல்வம்_வயர்மேன்

தம்பி, போர்டுக்குப் போகுமுன் மூணு கேள்வி. ஒண்ணு, பிளக் நேரா சுவரில் இருக்கா, எக்ஸ்டென்ஷன் வயரிலா? ரெண்டு, ஓடி முடிச்ச பிறகு பிளக்கைத் தொட்டுப் பார்த்தா சுடுமா, பழுப்பு அடிச்சிருக்கா? மூணு, நிக்கும்போது வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் பூமிக்குக் கசிஞ்சா விழற சுவிட்ச்) விழுதா?

ஏன் கேக்கிறேன்னா, ரெண்டாவது டிக் ஹீட்டர் ரிலே, அதாவது போர்டு சொன்னதும் ஹீட்டருக்குக் கரண்டை விடற சுவிட்ச். அதுவரைக்கும் மோட்டார் மட்டும்தான், கரண்ட் கம்மி. ஹீட்டர் 2000 வாட்டுன்னா ஒரே அடியா 8 ஆம்பியருக்கு மேல ஏறும். சாக்கெட்டில் ஸ்க்ரூ லூசா இருந்தா அந்த நொடி வோல்ட் சாய்ஞ்சு போர்டு செத்துப் பொழைக்கும். இந்தக் கோளாறுக்குப் புது போர்டு போட்டாலும் அதே இடத்துலதான் நிக்கும்.

கதிர்_பட்டர்வொர்த்

நன்றி அண்ணே. நேராக யார்டு சுவர் சாக்கெட்டில்தான், எக்ஸ்டென்ஷன் கிடையாது. பிளக் கால்கள் பளிச்சென்று இருக்கின்றன, பியூஸ் 13 ஆம்பியர். ஆர்சிசிபி ஒரு தடவைகூட விழவில்லை. அதே சாக்கெட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலைப் போட்டால் ஒழுங்காகக் கொதிக்கிறது.

பழைய_பெஞ்சு

கதிர், வணக்கம். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ரிப்பேர் பெஞ்சில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. எந்த நொடியில் நிற்கிறது என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் “ஓடமாட்டேங்குது” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இரண்டாவது டிக்கில் இரண்டு காரியம் ஒரே சமயத்தில் நடக்கிறது. வெளியே ஹீட்டருக்கு 8 ஆம்பியர் பாய்கிறது. உள்ளே, போர்டின் 12 வோல்ட் சப்ளையில் இன்னொரு ரிலேயின் காயில் (ரிலேயை இழுக்கும் கம்பிச்சுருள்) சேர்கிறது. செல்வம் சொன்னது முதல் வழி. போர்டின் சப்ளை அந்தக் கூடுதல் காயிலைத் தாங்காமல் சரிவது இரண்டாவது வழி. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றேதான், ஆனால் பிரித்துவிடலாம்.

பிளக்கைக் கழற்றுங்கள். பின் தகட்டைத் திறந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு தடித்த வயர்களையும் உருவிவிடுங்கள். முனைகளை ஒவ்வொன்றாக டேப் சுற்றி, தகட்டில் படாமல் கட்டிவையுங்கள். தகட்டை மூடிவிட்டு வெறும் டிரம்மோடு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டாவது டிக்கில் ரீசெட் ஆகாவிட்டால் ஹீட்டர் சுமைதான் வோல்டேஜை இழுக்கிறது, சாக்கெட், வயர், பிளக் பக்கம் போங்கள். ஹீட்டர் இல்லாமலும் ரீசெட் ஆனால் காரணம் போர்டுக்குள்ளே.

வயரைக் கழற்றியபடியே ஹீட்டரின் ஓம் பாருங்கள். 240 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 29 ஓம் வாக்கில் இருக்க வேண்டும், 2500 வாட் என்றால் 23. ஹீட்டர் முனைக்கும் உடம்புத் தகட்டுக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக்கூடாது.

நளினி_ஆயர்_ஈத்தாம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கும் “போர்டு போச்சு” என்றுதான் சொன்னார்கள். ஆனால் எங்கள் டிரையர் நிற்காது. டிரம் முழு நேரமும் சுற்றும், துணி மட்டும் காயாது, காற்று ஜில்லென்று வரும். டிக் சத்தம் கேட்கிறது. இதுவும் அதே கோளாறா ஐயா?

பழைய_பெஞ்சு

இல்லையம்மா, உங்களுடையது வேறு. டிக் கேட்டு, டிஸ்ப்ளே நிலையாக இருந்து, சூடு மட்டும் வராவிட்டால் போர்டின் மேல் சந்தேகம் கடைசியில்தான் வர வேண்டும். ரிலேயிலிருந்து ஹீட்டர் வரை போகும் பாதையில் தெர்மோஸ்டாட்டும், அளவு மீறிச் சூடானால் அறுந்துவிடும் தெர்மல் பியூஸும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தெர்மல் பியூஸ் ஒரு தடவை அறுந்தால் அறுந்ததுதான், தானாக ஒட்டாது. பிளக்கைக் கழற்றிவிட்டு அதன் இரு கால்களுக்கும் ஓம் பாருங்கள். நல்லது என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும், அறுந்திருந்தால் ஒன்றும் காட்டாது.

சூடு வந்து, பாதியில் நின்று, துணி ஈரமாகவே வெளியே வந்தால், சூட்டைப் போர்டுக்குச் சொல்லும் தெர்மிஸ்டரைப் பாருங்கள். பல டிரையர்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் உள்ளதைப் போடுகிறார்கள். நம் ஊர் 30 டிகிரியில் அது 8 கிலோ ஓம் அளவுக்கு இறங்கும், 60 டிகிரியில் இரண்டரை அளவுக்கு. கையில் பிடித்துச் சூடாக்கினால் எண் மெதுவாக இறங்க வேண்டும். துள்ளினால் அது கெட்டது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மதிப்பு மாறும், ஆகவே எண்ணைவிட அது இறங்கும் விதத்தைப் பாருங்கள். தெர்மிஸ்டர் “ஏற்கெனவே சூடு” என்று பொய் சொன்னால் போர்டு ஹீட்டரை நிறுத்தத்தான் செய்யும். சொன்னதைக் கேட்கிற போர்டைக் கழற்றி எறிந்து என்ன பயன்?

செல்வம்_வயர்மேன்

நளினிம்மா, ஐயா சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. தெர்மல் பியூஸ் அறுந்திருந்தா ஒரு துண்டு வயரை வச்சு ஒட்டிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அப்படி ஒட்டின மெஷின் நான் பாத்திருக்கேன். உள்ள பஞ்சு கருகிக் கிடந்தது. தூங்கற நேரத்துல ஓட்டியிருந்தா வீடு போயிருக்கும்.

பியூஸ் சும்மா அறுகாது, காத்து போகலைன்னுதான் அறுந்திருக்கும். பஞ்சு பிடிக்கற வலையைக் கழுவுங்க, வலை உக்கார்ற பள்ளத்துல பஞ்சை உறிஞ்சி எடுங்க, பின்னால குழாய் சுவத்துல நசுங்கி இருக்கான்னு பாருங்க. இங்க பிளாட் யார்டு எல்லாம் சின்னது, மெஷினைத் தள்ளித் தள்ளிக் குழாயைத் தட்டையாக்கிடறாங்க. அதைச் சரி பண்ணாம புது பியூஸ் போட்டா அதுவும் சீக்கிரம் அறுந்துடும்.

சுபாஷ்_செந்தூல்

கே.எல்.லிருந்து (கோலாலம்பூர்) எழுதுகிறேன். கதிர், இவ்வளவு பாடு ஏன்? ஆன்லைனில் பழைய மெஷினிலிருந்து கழற்றிய போர்டு 100, 150 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. ஒரு நண்பர் அப்படி வாங்கி மாட்டினார், ஓடுகிறது. அம்மா படுக்கையில் இருக்கும்போது சோதனை செய்துகொண்டிருக்க நேரம் ஏது?

பழைய_பெஞ்சு

சுபாஷ், சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவசரம் உண்மைதான். ஆனால் இரண்டு விஷயம். ஒரே வடிவ போர்டுக்குள் வெவ்வேறு மாடலுக்கு வெவ்வேறு புரோகிராம் ஏற்றியிருப்பார்கள். ஸ்டிக்கரில் உள்ள எண் கடைசி எழுத்து வரை ஒத்துப் போக வேண்டும், பார்த்தால் ஒரே மாதிரி இருப்பது போதாது. மற்றது, போர்டின் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர் காய்ந்ததுதான் காரணம் என்றால், அதே வயதுள்ள பழைய போர்டிலும் அது அதே அளவு வற்றித்தான் இருக்கும். ஹீட்டரைக் கழற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும். முடிவு வரட்டும்.

கதிர்_பட்டர்வொர்த்

செய்துவிட்டேன் ஐயா. ஹீட்டர் 28.6 ஓம். தகட்டுக்கு எதுவும் காட்டவில்லை. இரண்டு வயரையும் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு ஸ்டார்ட் அழுத்தினேன். டிரம் சுற்றியது, இரண்டாவது டிக் கேட்டது, அதே இடத்தில் அணைந்து மறுபடி வந்தது. ஹீட்டர் இல்லாமலே!

மேல் மூடியைக் கழற்றி போர்டைப் பார்த்தேன். பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்திருக்கிறது, மேலே கண்ணாடி போல மெல்லிய பூச்சு. பெரிய ரிலே ஒன்று, சின்ன ரிலே ஒன்று. டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் இல்லை. எட்டுக் கால் இடத்தில் ஒரு கால் குறைந்த சின்ன ஐசி, அதில் எல்என்கே 304 என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் 4.7 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு, பச்சை நிறக் காயில் ஒன்று, தள்ளி 220 மைக்ரோ, 25 வோல்ட் ஒன்று. கறுத்த இடம், உப்பிய தலை எதுவும் இல்லை. எல்லாம் பார்க்கப் புதிது போலத்தான் இருக்கிறது.

பழைய_பெஞ்சு

நல்லது, பாதை தெளிவாகிவிட்டது. இனி வருவதை நிதானமாகப் படியுங்கள், அவசரப்பட்டால் உயிருக்கு ஆபத்து.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லை என்று சொன்னீர்களே, அதுதான் இந்த போர்டில் மிக முக்கியமான செய்தி. அந்த ஐசி 240 வோல்ட்டை நேராக வெட்டி 12 வோல்ட் ஆக்குகிறது. நடுவில் எந்தப் பிரிப்பும் இல்லை. 12 வோல்ட், 5 வோல்ட், டிஸ்ப்ளே, பட்டன் எல்லாவற்றின் ஒரு கால் மெயின்ஸோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கிறது. மீட்டர் 5 வோல்ட் என்று காட்டும். அதே இடத்தை விரலால் தொட்டபடி இன்னொரு கை தகட்டில் பட்டால் 240 வோல்ட் உடம்பு வழியாகப் போகலாம். ஆர்சிசிபி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பூமிக்குக் கசிவு போனால்தான் அது விழும். லைவையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் உங்களை இன்னொரு ஹீட்டர் என்றே நினைத்துக்கொள்ளும்.

ஆகவே கரண்ட் இருக்கும்போது எதையும் கையில் பிடிக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றி, மீட்டரின் இரு வயரையும் கிளிப்பால் 220 மைக்ரோவின் இரு காலில் மாட்டி, கிளிப் நகராமல் கட்டுங்கள். மீட்டரில் குறைந்தபட்சத்தைப் பிடித்துவைக்கும் பட்டன் இருந்தால் அழுத்திவிடுங்கள், சரிவு கண் சிமிட்டும் நேரத்துக்குத்தான் வரும். பிறகு பிளக், ஸ்டார்ட். தள்ளி நின்று எண்ணைப் படியுங்கள். படித்ததும் பிளக்கைக் கழற்றுங்கள்.

கழற்றிய பிறகும் அந்த இரண்டு 400 வோல்ட் கெப்பாசிட்டரில் 330 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கக்கூடும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இடுக்கியில் பிடித்து, இரு காலுக்கும் குறுக்கே இரண்டு விநாடி வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்கவிடும் வழக்கம் வேண்டாம். அதற்குப் பிறகும் மீட்டரால் பூஜ்யம் என்று பார்த்துவிட்டுத்தான் கை.

கதிர்_பட்டர்வொர்த்

சொன்னபடியே செய்தேன். சும்மா இருக்கும்போது 12.1. டிரம் சுற்றும்போது 10.4, எண் நிலையாக இல்லாமல் ஆடுகிறது. இரண்டாவது டிக்கில் மீட்டர் பிடித்த குறைந்தபட்சம் 5.8.

பழைய_பெஞ்சு

இதோ காரணம். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்கும் ரெகுலேட்டருக்கு உள்ளே 7 வோல்ட்டாவது வேண்டும். 5.8க்கு இறங்கினால் 5 வோல்ட்டும் சரியும், போர்டின் மூளையான மைக்ரோ கன்ட்ரோலர் ரீசெட் ஆகும், ரிலேக்கள் விழும். சுமை இறங்கியதும் 12 திரும்பி வரும், முதல் திரை வரும். நீங்கள் கண்ட காட்சி அப்படியே.

சுபாஷ்_செந்தூல்

ஒரு சந்தேகம் ஐயா. சப்ளை பலவீனமா, அல்லது ஹீட்டர் ரிலேயின் காயில் பாதி ஷார்ட் ஆகி அதிகமாக இழுக்கிறதா? இரண்டிலும் 12 சரியுமே. ரிலேயை ஓட்டும் ஐசி கெட்டிருந்தாலும் இதேதான் நடக்கும்.

பழைய_பெஞ்சு

கேட்க வேண்டிய கேள்வி. இங்கேதான் பலர் கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றத் தொடங்குவார்கள்.

கதிர், பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரை வெறுமையாக்கி, போர்டைத் தனியாக மேசைக்கு எடுத்து வாருங்கள். மெயின்ஸ் வயர் எதுவும் அதில் இருக்கக்கூடாது. முதலில் ரிலே காயிலின் ஓம் பாருங்கள். 12 வோல்ட் ரிலேயில் பல 360 ஓம் வாக்கில் இருக்கும், அப்படியானால் இழுப்பது 33 மில்லி ஆம்பியர்தான். அடுத்து, பழைய மோடத்தின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை எடுத்து, அதன் பிளஸ், மைனஸை 220 மைக்ரோவின் அதே கால்களில் மாட்டுங்கள். டிஸ்ப்ளே வரும், இப்போது போர்டில் 240 வோல்ட் எங்குமே இல்லை.

ரிலேக்குப் பக்கத்தில் 16 கால் ஐசி இருந்தால் அது அநேகமாக ரிலேக்களை ஓட்டும் யூஎல்என் 2003 தான், எழுத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். 8ஆம் கால் கிரவுண்ட். 10 முதல் 16 வரை வெளியே போகும் கால்கள். ரிலே காயிலிலிருந்து எந்தக் காலுக்குத் தடம் வருகிறது என்று பார்த்து, அந்தக் காலையும் 8ஐயும் ஒரு வயரால் தொடுங்கள். ரிலே அடிக்கும். இரண்டு ரிலேயையும் சேர்த்துப் பிடித்து வையுங்கள். டிஸ்ப்ளே அணையாமல் நின்றால் ரிலே, 5 வோல்ட், மைக்ரோ கன்ட்ரோலர் எல்லாம் நல்லவை, குறை 240லிருந்து 12 செய்யும் பகுதியில் மட்டும்தான். அடாப்டரிலும் சரிந்தால் சுபாஷ் சொன்னது சரி.

கதிர்_பட்டர்வொர்த்

இரண்டு காயிலும் 358, 361 ஓம். அடாப்டரில் டிஸ்ப்ளே தெளிவாக வந்தது. இரண்டு ரிலேயையும் ஒன்றாகப் பிடித்தேன், 12.0லிருந்து 11.9க்குத்தான் இறங்கியது. அணையவே இல்லை. மனசுக்குப் பெரிய நிம்மதி ஐயா. 520 ரிங்கிட்டுக்கு எறியச் சொன்ன போர்டின் மூளை நன்றாகத்தான் இருக்கிறது.

சுபாஷ்_செந்தூல்

அருமை. இந்த அடாப்டர் சோதனையை நான் எங்கும் பார்த்ததில்லை. என் கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் கிடையாது.

பழைய_பெஞ்சு

இப்போது அந்த இரண்டு 4.7 மைக்ரோவையும் 220ஐயும் கழற்றி, கெப்பாசிட்டர் அளக்கும் மீட்டரில் பாருங்கள். போர்டிலேயே வைத்து அளந்தால் எண் ஏமாற்றும்.

என் ஊகம் இந்த 4.7 இரண்டும். இந்தச் சின்ன சப்ளைகள் பெரும்பாலும் ஒற்றை டயோடில் ஓடும். நம் 50 ஹெர்ட்ஸில் 20 மில்லி விநாடிக்கு ஒரு தடவைதான் கெப்பாசிட்டர் நிரம்பும், மீதி நேரம் அதில் சேர்த்து வைத்ததைக் கொண்டே ஐசி சமாளிக்க வேண்டும். வற்றிய குளத்தில் ஒரு குடம் மொள்ளலாம், இரண்டாவது குடத்துக்குச் சேறுதான். டிஸ்ப்ளே மட்டும் என்றால் போதும், ஒரு ரிலே வந்தால் ஆடும், இரண்டு வந்தால் சரியும். நீங்கள் அளந்த 12.1, 10.4, 5.8 அதைத்தான் சொல்கின்றன.

தலை உப்பவில்லையே என்று கேட்பீர்கள். இந்தச் சின்ன 400 வோல்ட் கெப்பாசிட்டர்கள் பல சமயம் உப்பாமலே உள்ளே காய்ந்துபோகும். கண்ணை நம்பி “எல்லாம் நல்லா இருக்கு” என்று மூடிவிட்டால் கோளாறு அங்கேயே இருக்கும். பெஞ்சில் இருந்த காலத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்வேன்.

வாங்கும்போது: மைக்ரோஃபாரட் அதே 4.7, கிடைக்காவிட்டால் 6.8 பரவாயில்லை. வோல்ட் 400க்குக் கீழே போகவே கூடாது. நம் நாட்டில் 230 வோல்ட்டுக்கு மேலே 10 சதவீதம் வரை அனுமதி உண்டு, அதாவது 253. அதன் உச்சி 358 வோல்ட்டைத் தொடும். 105 டிகிரி என்று எழுதியிருக்க வேண்டும். மணிக்கணக்கையும் கேட்டு வாங்குங்கள். மலிவானவை 2000 மணி, நல்லவை 8000, 10000 என்று வரும். இந்தக் கணக்கு 105 டிகிரியில் தொடர்ந்து ஓடினால். சூடு 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

குமரன்_பி.எம்

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு சேர்ப்பு. போர்டைக் கழற்றியிருக்கும்போதே அடிப்பக்கம் பாருங்கள். எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் பல்லி ஒன்று ரிலே கால்களுக்குக் குறுக்கே கிடந்து, தடமே கருகிப் போயிருந்தது. சூடான இடம் தேடி உள்ளே போய்விடுகின்றன. எறும்பும் அப்படித்தான். மூடும்போது வயர் நுழையும் ஓட்டைகளை மெல்லிய வலையால் அடைக்கலாம், காற்றுப் போகும் துவாரத்தை மட்டும் அடைக்கக்கூடாது.

கதிர்_பட்டர்வொர்த்

பல்லி இல்லை அண்ணா, பார்த்துவிட்டேன்.

கெப்பாசிட்டர் அளந்தாயிற்று. இரண்டு 4.7இல் ஒன்று 0.6, மற்றது 0.4! 220 மைக்ரோ மட்டும் 171 காட்டுகிறது. ஐயா சொன்னது அப்படியே. இதில் எனக்கு இரண்டு கேள்வி. பூச்சை எப்படி எடுப்பது? ஈயம் இளகவே மாட்டேன் என்கிறது, முதல் கெப்பாசிட்டரைக் கழற்றவே வெகுநேரம் ஆனது.

பழைய_பெஞ்சு

பூச்சை முழுதும் எடுக்க வேண்டாம். ஈயம் வைக்கும் புள்ளியில் மட்டும் மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், உலோகக் கத்தி தடத்தை அறுத்துவிடும். சுட்டு எடுத்தால் புகை வரும், அதை முகராதீர்கள், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து விசிறி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயம் இளகாததற்குக் காரணம், போர்டில் இருப்பது காரீயம் இல்லாத வகை. அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். உங்கள் கையில் இருக்கும் பழைய 63/37 வகை 183இல் உருகிவிடும். பழைய புள்ளியின் மேல் உங்கள் ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்துக் கலந்துவிட்டால் சுலபமாக இளகும், பிறகு இரண்டையும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். அயர்ன் 350 டிகிரி போதும். அதிகமாக்கினால் தடம் போர்டை விட்டு எழும்பிவிடும்.

கோடு போட்ட பக்கம் மைனஸ். 330 வோல்ட் நிற்கும் இடத்தில் திருப்பி வைத்தால் வெடிக்கும், ஆகவே கழற்றுமுன்பே போனில் படம் எடுத்து வையுங்கள். கையோடு ஹீட்டர் ரிலேயின் கால்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 8 ஆம்பியர் ஓடிச் சூடாகி ஆறி, காலைச் சுற்றி மோதிரம் போல மெல்லிய வெடிப்பு வந்திருக்கும். இருந்தால் அதையும் புதுப்பித்துவிடுங்கள்.

செல்வம்_வயர்மேன்

மூடும்போது ஹீட்டர் வயரின் ஸ்பேட் முனை ரெண்டையும் இழுத்துப் பாருங்க தம்பி. லூசா உக்காந்தா அங்கதான் அடுத்த கருகல். முனை நிறம் மாறியிருந்தா புதுசு போட்டு அழுத்துங்க, ஈயம் வச்சு ஒட்டாதீங்க, சூட்டுல இளகும். சாக்கெட் பக்கம் எதுவும் மாத்தணும்னா சுருஹான்ஜாயா தெனாகாவில (எரிசக்தி ஆணையம்) பதிஞ்ச வயர்மேனைக் கூப்பிடுங்க, அது சட்டமே.

சுபாஷ்_செந்தூல்

பாகம் கிடைக்காமல் தடுமாறும் கே.எல். நண்பர்களுக்கு: புடு பக்கம் ஜாலான் பாசார் கடை வரிசையில் கேளுங்கள். ஒன்றிரண்டு என்றாலும் தருவார்கள். பழைய கெப்பாசிட்டரைக் கையோடு கொண்டு போனால் உயரம், கால் இடைவெளி எல்லாம் ஒத்துப் பார்த்து வாங்கலாம்.

கதிர்_பட்டர்வொர்த்

ஓடுகிறது!

மூன்று கெப்பாசிட்டரும் மாற்றினேன். எல்லாம் சேர்த்து பத்து ரிங்கிட்டுக்குள். ஹீட்டர் ரிலேயின் ஒரு காலில் ஐயா சொன்ன மோதிர வெடிப்பு இருந்தது, அதையும் புதுப்பித்தேன். ஹீட்டர் வயரைக் கழற்றி வைத்தபடியே முதல் சோதனை: சும்மா 12.1, டிரம்மோடு 12.1, இரண்டு ரிலேயோடு 12.0, எண் ஆடவே இல்லை. பிறகு ஹீட்டரை மாட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து முழு நேரம் ஓட்டினேன். அம்மாவின் விரிப்பு சுடச்சுட வெளியே வந்தது. இப்போது தினமும் ஓடுகிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பின்குழாய் சுவரில் நசுங்கிப் பாதி அடைத்திருந்தது, போர்டுத் தட்டைச் சுற்றிப் பஞ்சு மெத்தை போலப் படிந்திருந்தது. கெப்பாசிட்டர் இத்தனை வருஷமாக அந்தச் சூட்டில்தான் வெந்திருக்கிறது. மெஷினை ஒரு சாண் முன்னால் இழுத்து, குழாயைக் குட்டையாக வெட்டி நேராக்கிவிட்டேன். காற்று இப்போது குழாய் வாயில் பலமாக அடிக்கிறது.

பழைய பெஞ்சு ஐயாவுக்கும் செல்வம் அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நளினி_ஆயர்_ஈத்தாம்

வாழ்த்துகள் தம்பி, அம்மா நலமாக இருக்கட்டும். எங்களுடையதில் தெர்மல் பியூஸ் அறுந்துதான் இருந்தது. குழாய்க்குள்ளிருந்து ஒரு பை நிறையப் பஞ்சு எடுத்தோம். அதே டிகிரி, அதே ஆம்பியர் பியூஸ் வாங்கிப் போட்டதும் சூடு வந்துவிட்டது. போர்டை யாரும் தொடவில்லை.

குமரன்_பி.எம்

ஐயா, இதே வகை சப்ளையில் டிஸ்ப்ளே சுத்தமாகவே வராவிட்டால்? மாமா வீட்டில் அப்படி ஒன்று கிடக்கிறது. இடி இடித்த மறுநாளிலிருந்து உயிரே இல்லை.

பழைய_பெஞ்சு

இடிக்குப் பிறகு என்றால் முதலில் வட்டமான நீல, மஞ்சள் வில்லை ஒன்றைத் தேடுங்கள். 471 என்ற எண் இருக்கும், அதுதான் வேரிஸ்டர். 470 வோல்ட்டைத் தாண்டினால் தன் மேல் வாங்கிக்கொள்ளும், பெரிய அடி விழுந்தால் வெடித்துக் கறுத்துவிடும். அதற்கடுத்து மெயின்ஸ் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டர், பெரும்பாலும் 10 ஓமுக்குள். அது பியூஸ் போல அறுவதற்கென்றே வைத்தது, அறுந்திருந்தால் மீட்டர் ஒன்றும் காட்டாது.

அதை மட்டும் மாற்றிவிட்டு பிளக் போட வேண்டாம். அது தானாக அறுவது அபூர்வம், பின்னால் எல்என்கே ஐசி ஷார்ட் ஆகியிருக்கும். பிளக் இல்லாமல், கெப்பாசிட்டர் வெறுமையான நிலையில், அந்த ஐசியின் டிரெயின் காலுக்கும் சோர்ஸ் காலுக்கும் இடையே ஓம் பாருங்கள். சில ஓம்தான் காட்டினால் ஐசி போயிற்று. ஐசி, ரெசிஸ்டர், வேரிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர் எல்லாம் சேர்த்து மாற்றுங்கள். அதற்கு முன் கதிர் செய்த அடாப்டர் சோதனையை நீங்களும் செய்துவிடுங்கள். இடி மைக்ரோ கன்ட்ரோலர் வரை போயிருந்தால் 12 வோல்ட் கொடுத்தும் டிஸ்ப்ளே வராது, அப்போது போர்டை மாற்றுவதுதான் வழி. போர்டின் இரு பக்கமும் படம் எடுத்து, ஸ்டிக்கர் எண் தெரியும்படி புது இழை ஒன்று தொடங்குங்கள், அங்கே பார்ப்போம்.